நடந்து போற பர்மிட் வச்சுக்கிட்டு கேட்டுக்கு உள்ள எலக்ட்ரிக் பைக் ஓட்டலாமா?

மழைக்காட்டு_மணி:

வணக்கம் எல்லாருக்கும். சியாட்டில் பக்கம் சம்மாமிஷ்ல இருக்கேன், சொந்த ஊர் சத்தியமங்கலம். வேட்டைக்குப் போக ஆரம்பிச்சு இது மூணாவது சீசன். கிரீன் கார்டு வந்ததுக்கு அப்புறம்தான் ஹண்டர் எஜுகேஷன் கிளாஸ் முடிச்சு லைசென்ஸ் எடுத்து ரைஃபிள் வாங்கினேன், எதையும் முறையா பண்ணணும்னு நினைக்கிற ஆளு நான், அதனாலதான் போன சனிக்கிழமை நடந்தது மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

தென்மேற்கு வாஷிங்டன்ல ஒரு மரக் கம்பெனியோட காட்டுக்கு இந்த வருஷம் பர்மிட் வாங்கினேன். வண்டி உள்ள விடுற பர்மிட் நான் போறதுக்குள்ள வித்துத் தீர்ந்துடுச்சு, கிடைச்சது நான்-மோட்டரைஸ்ட் பர்மிட், அதாவது கேட்டுல வண்டியை நிறுத்திட்டு நடந்தோ சைக்கிள்லயோ போகணும். நான் பார்த்து வச்சிருக்கற கிளியர்கட், அதாவது மரத்தை மொத்தமா வெட்டின இடம், கேட்டுல இருந்து 6 மைல், கடைசி 2 மைல் நல்ல ஏத்தம். வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க, இருட்டுறதுக்குள்ள திரும்பணும், அதுக்காகவே யோசிச்சு யோசிச்சு ஒரு ஃபேட் டயர் எலக்ட்ரிக் பைக் வாங்கினேன், அதாவது தடிச்ச டயர் போட்ட மோட்டர் சைக்கிள் இல்ல, மோட்டர் வச்ச மிதிவண்டி, 750 வாட், திராட்டில் இருக்கு, அதைத் திருகினா மிதிக்காமலே ஓடும். சைக்கிள் ஓகேன்னா இதுவும் ஓகேதானேன்னு நினைச்சேன், ஏன்னா வாஷிங்டன் சட்டத்துல இது சைக்கிள் கணக்குலதான் வருது.

காலைல 5 மணிக்கு கேட்டுல பைக்கை இறக்கினேன். பிக்கப்ல ரோந்து வந்த ஒருத்தர் நிறுத்தி, மோட்டர் உள்ள போகக்கூடாதுன்னார். நான் போன்ல சட்டத்தை எடுத்துக் காட்டினேன். அவர் கோபப்படல, "இது ஸ்டேட் ரோடு இல்லையே, கம்பெனி ரோடு"ன்னு சொல்லிட்டு என் பர்மிட் நம்பரை எழுதிக்கிட்டுப் போயிட்டார். அன்னைக்கு நடந்தே போனேன், 3 மைல்லயே நேரம் ஆயிடுச்சு, திரும்பிட்டேன்.

இதுல நான் தப்பா, அவர் தப்பா? இன்னொண்ணு, என் மாமாவுக்கு 62 வயசு, முழங்கால் ஆபரேஷன் பண்ணினவர், அடுத்த வாரம் என் கூட வரேன்னு சொல்லியிருக்கார். அவருக்கு இந்த பைக்கை விட்டா வேற வழியே இல்ல. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.


தேவதாரு_கணக்கு:

மணி, நான் இந்தத் தொழில்லயே இருக்கேன், காட்டுக்குள்ள ரோடு போடறது, ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாயைப் பார்க்கறது, காட்டுல எந்தப் பகுதியை எப்ப வெட்டறதுன்னு பிளான் போடறது. நீங்க நல்ல எண்ணத்துலதான் போயிருக்கீங்க, ஆனா அந்த ரோந்துக்காரர் சொன்னதுதான் சரி.

வாஷிங்டன் 2018ல எலக்ட்ரிக் பைக்கை மூணு கிளாஸா பிரிச்சுது. கிளாஸ் 1ன்னா மிதிச்சா மட்டும் மோட்டர் உதவும், 20 மைல் வேகத்துல கட் ஆயிடும். கிளாஸ் 2ல திராட்டில் உண்டு, அதுவும் 20. கிளாஸ் 3 மிதிச்சு 28 வரைக்கும் போகும். மோட்டர் 750 வாட்டுக்குள்ள இருக்கணும். இந்தப் பிரிவெல்லாம் பொது ரோடு, பொது சைக்கிள் பாதைக்கு எழுதினது, ஒருத்தரோட சொந்த நிலத்துக்குள்ள எதை விடணும்ங்கறதை அது தீர்மானிக்காது. நம்ம ஊர்ல ஒருத்தர் தென்னந்தோப்பு வழியா ஆத்துக்குக் குறுக்கு வழி விட்டிருப்பார், ஊரே நடந்து போகும், அதுக்காக அந்த வரப்பு மேல புல்லட்டை ஓட்டிட்டுப் போனா அவர் மண்வெட்டியோட வந்து நிப்பாரு இல்லையா, அவர்கிட்ட ஆர்டிஓ பேப்பரைக் காட்டி என்ன பிரயோஜனம்.

காசு கொடுத்துதானே பர்மிட் வாங்கினோம், அப்ப நமக்கு உரிமை இருக்குன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, நிலைமை அதுக்கு நேர் எதிர். 1967ல இருந்து இந்த ஸ்டேட்ல ஒரு சட்டம் இருக்கு, நிலத்துக்காரர் காசு வாங்காம ஜனங்களை வேட்டைக்கோ மீன் பிடிக்கவோ விட்டா, உள்ள யாருக்காவது அடிபட்டா பெரும்பாலும் அவர் மேல கேஸ் நிக்காது. காசு வாங்க ஆரம்பிச்சா அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போயிடும். அதனால பர்மிட் விக்கற கம்பெனிக்கு உங்க பைக் ஒரு வளைவுல சறுக்கினா அது அவங்க தலைவலி. மோட்டர்னு ஒரு கோடு போட்டு வச்சா கேட்டுல நிக்கறவனுக்கு வாட் கணக்கு, கிளாஸ் கணக்கு எல்லாம் பார்க்க வேண்டிய வேலை இல்ல, அதுக்காகத்தான் அந்தக் கோடு.

அடுத்தது லாக் டிரக், வெட்டின மரத்தை ஏத்திக்கிட்டு வர லாரி. லோடோட இறங்கற வண்டி 80,000 பவுண்டு, ஈர ஜல்லியில அதை நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது. டிரைவர்கள் சிபி ரேடியோல "14 மைல், லோடு, கீழ வரேன்"னு மைல் கல்லைச் சொல்லிச் சொல்லித்தான் இறங்குவாங்க, மேல போற காலி வண்டி அதைக் கேட்டு ஒதுங்கி நிக்கும். நடக்கறவனுக்கு லாரியோட ஜேக் பிரேக் (எஞ்சின் பிரேக்) சத்தம் ரெண்டு வளைவு முன்னாடியே கேட்டுடும், பள்ளத்துல இறங்கி நின்னுடுவான். பைக்ல 20 மைல்ல இறங்கும்போது காதுல காத்துச் சத்தம்தான் கேட்கும். ஒரு தடவை என் கண்ணு முன்னாடி ஒருத்தர் உள் வளைவுல பைக்ல வந்தார், டிரைவர் ஓரம் கட்டினதுல டிரெய்லர் பின் சக்கரம் பள்ளத்துல இறங்கிடுச்சு, கட்டை சரியல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அந்த டிரைவர் கீழ இறங்கி அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாம ரோட்டோரம் உக்கார்ந்திருந்தார். எனக்கு இன்னும் அந்த முகம் ஞாபகம் இருக்கு.

கம்பெனிகளுக்கு வேட்டைக்காரங்க வேணும், அதையும் சொல்லிடறேன். வெட்டின இடத்துல மூணு வருஷத்துக்குள்ள ஏக்கருக்கு 190 கன்னாவது நின்னாகணும், மேற்கு வாஷிங்டன்ல அது சட்டம். இங்க நடற டக்ளஸ் ஃபிர் மரக் கன்னோட நுனியை மானும், எல்க்குங்கற பெரிய மான் வகையும் கடிச்சுக் கடிச்சே குட்டையாக்கிடும். வெட்டி வெளிச்சம் பட்ட பத்துப் பதினஞ்சு வருஷம் தரையில தழை கொழிக்கும், அதனாலதான் நீங்களும் கிளியர்கட்டைத் தேடிப் போறீங்க, மானும் அங்க வருது. உங்களைத் துரத்தணும்னு யாருக்கும் ஆசை இல்ல. பர்மிட்டோட வந்த ரூல் பேப்பரை முழுசா படிங்க, எலக்ட்ரிக் பைக்னு தனியா ஒரு வரி இருக்கும், இல்லாட்டி மெயில்ல கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. மாமா விஷயத்தை அடுத்து எழுதறவங்க யாராவது சொல்லுவாங்க, எனக்கு அதுல அனுபவம் இல்ல.


வில்லாமெட்_வேலன்:

நான் ஒரிகான் பக்கம், ஹில்ஸ்பரோ. இங்க நிலைமை இன்னும் கறார். ஒரிகான் வடமேற்கு மூலையில கடற்கரைக் காட்டுல நிறைய கம்பெனி நிலம், வேட்டை சீசன்ல ஸ்டேட் மீன்-வனவிலங்குத் துறையும் நிலத்துக்காரங்களும் சேர்ந்து டிராவல் மேனேஜ்மென்ட் ஏரியான்னு ஒண்ணு நடத்தறாங்க. பச்சைப் புள்ளி போட்ட ரோட்டுல மட்டும் மோட்டர் வண்டி போகலாம், மத்த ரோடெல்லாம் நடக்கறவனுக்கும் மிதிக்கறவனுக்கும். அங்க எலக்ட்ரிக் பைக்கை மோட்டர் வண்டியாத்தான் பார்க்கறாங்க, கிளாஸ் 1ஆ இருந்தாலும் சரி. மாட்டினா கம்பெனி கோவிச்சுக்கறதோட முடியாது, ஸ்டேட் போலீஸ் டிக்கெட் கொடுப்பாங்க.

மணி அண்ணா, நீங்க சட்டத்தைக் காட்டினேன்னு சொன்னீங்களே, அதுல ஒரு குழப்பம் நம்ம எல்லாருக்கும் வருது, ஏன்னா ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு எஜமான். மத்திய அரசோட ஃபாரஸ்ட் சர்வீஸ் காட்டுல எலக்ட்ரிக் பைக் மோட்டர் வண்டி, மோட்டர் போற ரோடு டிரெயில்ல மட்டும்தான் அனுமதி. பிஎல்எம்னு இன்னொரு மத்திய அரசு நிலத் துறை இருக்கு, அந்த நிலத்துல கதை வேற, 2019 ஆகஸ்ட்ல அதுக்கு மேல இருக்கற இன்டீரியர் துறை செக்ரட்டரி ஒரு ஆர்டர் போட்டார், அதைத் தொடர்ந்து 2020ல பிஎல்எம் ரூல் கொண்டு வந்துது, உள்ளூர் மேனேஜர் முடிவு பண்ணினா சைக்கிள் பாதையில விடலாம்னு. இப்ப மேற்கு ஒரிகான்ல பிஎல்எம் நிலம் எப்படி இருக்குன்னா சதுரங்கக் கட்டம் மாதிரி, ஒரு சதுர மைல் கவர்ன்மென்ட், அடுத்த சதுர மைல் கம்பெனி. 1866ல ரயில் பாதை போடறதுக்காக ஒண்ணு விட்டு ஒண்ணா கொடுத்த நிலம், ரயில் கம்பெனி சொன்ன மாதிரி நடந்துக்கலன்னு 1916ல காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கிச்சு, அந்தக் கட்டம் அப்படியே நின்னுடுச்சு. வாஷிங்டன்லயும் நார்தர்ன் பசிஃபிக் ரயில்வேக்கு 1864ல கொடுத்த கட்டம்தான் நிறைய மரக் கம்பெனி நிலத்துக்கு மூலம். நான் போற ஒரு ரோடு 5 மைல்ல நாலு தடவை கை மாறுது. போன்ல மேப் ஆப்பை ஆஃப்லைன்ல இறக்கி வச்சு, கோடு தாண்டும்போதெல்லாம் யார் நிலம்னு பார்த்துக்கிட்டேதான் போறேன், அங்க டவர் எதுவும் கிடையாது.

நான் எலக்ட்ரிக் பைக்கை வேட்டைக்குக் கொண்டு போறதை விட்டுட்டேன். பழைய மவுன்டன் பைக், பின்னாடி பசங்களை உக்கார வச்சு இழுத்த டிரெய்லர், அதுல துணியை எல்லாம் கழட்டிட்டு பிளைவுட் போட்டு அடிச்சேன். ஏத்தத்துல இறங்கித் தள்ளறது, இறக்கத்துல சும்மா வரது. போன வருஷம் ஒரு பிளாக்டெயில் மான் கிடா, எலும்பு எடுத்த கறி ஒரே நடையில வந்துடுச்சு.


அஞ்சுமணி_நடை:

கொஞ்சம் கோபமாவே எழுதறேன், மணி தம்பி உங்க மேல இல்ல.

நான் பதினஞ்சு வருஷமா நடந்து போறவன். நடந்து போற பர்மிட்டை நான் ஆசைப்பட்டு வாங்கறேன், வண்டி பர்மிட் கிடைச்சாலும் வாங்க மாட்டேன். ஏன்னா கேட்டுக்கு அந்தப் பக்கம் 3 மைல் தாண்டினா எல்க் கூட்டம் பகல்லயும் வெளிய நிக்கும், அதுங்களுக்குத் தெரியும் அங்க மனுஷன் அதிகம் வர மாட்டான்னு. அந்த 3 மைல்தான் அதுங்களுக்குப் பாதுகாப்பு. போன நவம்பர் எல்க் சீசன்ல ராத்திரி 2:30க்கு எழுந்து மழையில 5 மைல் நடந்து வெட்டின மரத்தை அடுக்கற லேண்டிங் ஒண்ணோட ஓரத்துல வேர்த்து நடுங்கிக்கிட்டு உக்கார்ந்திருக்கேன், கீழ கிளியர்கட்ல பதினெட்டு எல்க், நான் எண்ணினேன், சுட வெளிச்சம் வரதுக்கு இன்னும் இருபது நிமிஷம். மூணு எலக்ட்ரிக் பைக் ஹெட்லைட் போட்டுக்கிட்டு கிளை ரோட்டுல ஏறி வந்துது. சத்தமே இல்ல, அந்த லைட்டு மட்டும் மரத்துல ஆடி ஆடி வருது. பதினெட்டும் தலையைத் தூக்கிச்சு, அவ்வளவுதான், அந்தப் பக்கம் மேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. அந்த மூணு பேரும் நல்ல பசங்கதான், சாரி சொன்னாங்க, அவங்களுக்கு அங்க ஒருத்தன் உக்கார்ந்திருக்கான்னே தெரியாது.

மோட்டர் வந்தா எல்லாருக்கும் 6 மைல் அரை மணி நேரம் ஆயிடும். அப்புறம் 6 மைலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரி ஆயிடும், மிருகம் கம்பெனி நிலத்தை விட்டு யாரும் போக முடியாத பள்ளத்துக்குப் போயிடும். சைக்கிள்ல மிதிச்சுப் போறவனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அவன் தொடை வலிக்குது, அவனும் விலை கொடுக்கறான்.

உங்க மாமாவைப் பத்தி எழுதினதைப் படிச்சப்ப எனக்கு வேற மாதிரி இருந்துது. எனக்கும் 57 ஆகுது, நாளைக்கு என் முட்டி போனா நான் என்ன பண்ணுவேன்னு நினைச்சுப் பார்த்தேன். அவருக்கு ஒரு வழி இருக்கணும்னுதான் எனக்கும் தோணுது, ஆனா அது முறையான வழியா இருக்கணும்.


செஹாலிஸ்_செல்வி:

அஞ்சுமணி அண்ணா சொன்னதைப் படிச்சு வருத்தமாத்தான் இருக்கு, ஆனா எலக்ட்ரிக் பைக்ல முறையா வேட்டைக்குப் போறவங்களும் இருக்கோம், அதையும் சொல்லணும். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேற ஒரு காட்டுல மோட்டர் பர்மிட் இருக்கு, அங்க எலக்ட்ரிக் பைக் ஓகேன்னு மெயில்லயே எழுதிக் கொடுத்திருக்காங்க, அந்த மெயிலை பிரின்ட் எடுத்து ஜிப் கவர்ல போட்டு ஹேண்டில்பார் பைல வச்சிருக்கேன். ரெண்டு தடவை செக் பண்ணினாங்க, பார்த்துட்டு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க.

மணி அண்ணாவோட மாமாவுக்கு முதல்ல இதைப் பாருங்க. வாஷிங்டன் மீன்-வனவிலங்குத் துறைல மாற்றுத்திறனாளி வேட்டைக்காரர்னு ஒரு பர்மிட் இருக்கு, டாக்டர் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கணும். அது கிடைச்சவங்களுக்கு சில பூட்டின ரோடுகள்ல வண்டியோட போறதுக்குத் தனியா ஒரு ரோடு ஆக்சஸ் திட்டமும் நடத்தறாங்க, அதுல சில மரக் கம்பெனிகளும் நிலம் கொடுக்கறாங்க. முழங்கால் ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் கிடைச்சுடாது, நடக்க முடியாத நிலைன்னு டாக்டர் சொல்லணும். அடுத்த வாரத்துக்குள்ள நடக்காது, ஆனா இப்ப ஆரம்பிச்சா அடுத்த சீசனுக்கு ஆகும்.

பைக் பத்தி நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது. ஃபேட் டயர் பைக் மட்டுமே 70 பவுண்டு வரும், அது மேல நான், ரைஃபிள், பை, தண்ணி. ஜல்லி ரோடு இறக்கத்துல முன் பிரேக்கை மட்டும் பிடிச்சு ஒரு தடவை விழுந்தேன், மணிக்கட்டுல ஆறு வாரம் கட்டு. டிஸ்க் பிரேக் பேட் ஒரே சீசன்ல தேய்ஞ்சுடும், இந்த மழைச் சேறு அரைச்சுடும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும், போறதுக்குப் பாதி வரதுக்குப் பாதின்னு கணக்குப் போடாதீங்க, பேட்டரி இறங்கிப் போன 70 பவுண்டு பைக்கை கறியோட தள்ளறது என்னன்னு அன்னைக்குத்தான் தெரியும்.

துப்பாக்கி விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, பைக் மேல இருக்கற வரைக்கும் சேம்பர் மேகசின் ரெண்டும் காலியா இருக்கட்டும். இந்த ஸ்டேட்ல மோட்டர் வண்டியில லோடு பண்ணின ரைஃபிள் வச்சிருக்கறதே குற்றம், பைக் அந்தக் கணக்குல வருமா வராதான்னு கேட்டுல நின்னு வாதம் பண்றதை விட காலியா வைக்கறது நல்லது, விழுந்தா உயிராவது மிஞ்சும். அப்புறம் மத்தவங்க கண்ணுக்குத் தெரியற ஆரஞ்சு உடை, மாடர்ன் ஃபயர்ஆர்ம் (சாதாரணத் துப்பாக்கி) சீசன்ல இடுப்புக்கு மேல 400 சதுர இஞ்ச் போடணும், 2019ல இருந்து பிங்க்கும் போடலாம். முதுகுப்பை மாட்டினா பின்னாடி எல்லாம் மறைஞ்சுடுது, அதனால நான் பை மேலயும் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டறேன்.

செப்டம்பர்ல வில் சீசனுக்குப் போறவங்க இன்னொண்ணும் யோசிங்க. 2020 செப்டம்பர் ஆரம்பத்துல லேபர் டே சமயத்துல அடிச்ச காத்துல ஒரிகான்ல சில நாள்லயே லட்சக்கணக்கான ஏக்கர் எரிஞ்சுது, அதுல கம்பெனிக் காடு ஏராளம். காஞ்ச புல்லு, லித்தியம் பேட்டரி, இதை நினைச்சா நிலத்துக்காரங்களுக்கு வயித்தைக் கலக்கத்தான் செய்யும். தீ எச்சரிக்கை ஏறினா பர்மிட் இருந்தாலும் கேட்டை மூடிடுவாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அன்னைக்கு ராத்திரியே பாருங்க. கீழ விழுந்து ஓடு கீறின பேட்டரியை அந்த சீசன்ல நான் எடுத்துட்டே போறதில்ல.


மழைக்காட்டு_மணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சேன், அஞ்சுமணி அண்ணா எழுதினதை என் வீட்டம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். அந்தப் பதினெட்டு எல்க்கை எண்ணிக்கிட்டு இருந்தப்ப லைட் வந்ததுன்னு எழுதினீங்க பாருங்க, போன சனிக்கிழமை என்னை நிறுத்தாம விட்டிருந்தா அந்த லைட் நானா இருந்திருப்பேன்.

ரூல் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். மூணாவது பக்கத்துல இருக்கு, எலக்ட்ரிக் பைக் மோட்டர் வண்டியா கருதப்படும்னு. நான் முதல் பக்கத்தோட நிறுத்தியிருக்கேன். கம்பெனிக்கு மெயில் போட்டேன், நடந்ததைச் சொல்லி, சட்டத்தைக் காட்டி வாதாடினதுக்கு அந்த ரோந்துக்காரர்கிட்ட வருத்தம் தெரிவிக்கச் சொன்னேன். ரெண்டு நாள்ல பதில் வந்துது, எச்சரிக்கை மட்டும்தான், பர்மிட் அப்படியே இருக்கு, அடுத்த தடவை நடந்தா ரத்துன்னு. மாமாகிட்ட டாக்டர் ஃபார்ம் விஷயத்தைச் சொன்னேன், முதல்ல "எனக்கு எதுக்குடா அந்த அட்டை"ன்னு முறைச்சார், அப்புறம் அத்தை ஏதோ பேசியிருக்காங்க போல, திங்கக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டார். இந்த வாரம் அவர் கேட்டுல இருந்து ஒண்ணரை மைல்ல ஒரு சின்ன கிளியர்கட் இருக்கு, அது வரைக்கும் நடந்து வந்து உக்கார்றேன்னு சொல்றார், நான் மட்டும் மேல போறேன்.

வேலன் தம்பி, அந்த டிரெய்லர்ல பிளைவுட்டை எப்படி மாட்டினீங்க, போல்ட்டா ஜிப் டையா? என் பசங்களோட டிரெய்லர் ஒண்ணு கராஜ்ல சும்மா கிடக்கு, எடை எவ்வளவு தாங்கும்னு அடியில ஸ்டிக்கர் அழிஞ்சு போயிருக்கு.


வில்லாமெட்_வேலன்:

ஜிப் டை வேண்டாம் அண்ணா, குளிர்ல உடையும். அடியில இருக்கற அலுமினியக் குழாய்க்கு யூ போல்ட் நாலு, பிளைவுட் அரை இஞ்ச். ரெண்டு பசங்க உக்கார்ற டிரெய்லர்னா பொதுவா 100 பவுண்டு வரைக்கும் போட்டிருப்பாங்க, மானுக்குப் போதும், எல்க்குக்கு ரெண்டு மூணு நடை நடக்கணும். பாரத்தை அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி வைங்க, பின்னாடி போச்சுன்னா ஏத்தத்துல பைக்கோட பின் சக்கரத்தைத் தூக்கிடும். அப்புறம் டியூப் ரெண்டு எக்ஸ்ட்ரா, புதுசா உடைச்சுக் கொட்டின ஜல்லி கத்தி மாதிரி இருக்கும்.


அஞ்சுமணி_நடை:

மணி தம்பி, எந்தக் கேட்டுன்னு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, எனக்கும் அந்தக் காட்டுக்கு பர்மிட் இருக்குன்னு நினைக்கறேன். சனிக்கிழமை நான் ஃப்ரீ. உங்க மாமாவோட அந்த ஒண்ணரை மைல் நான் நடக்கறேன், அவர் வேகத்துக்கே. என்கிட்ட வேட்டையாடினதை இழுத்துட்டு வர ரெண்டு சக்கர கேம் கார்ட் ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துட்டு வரேன், அவருக்கு ஏதாவது கிடைச்சா கீழ கொண்டு வர ஆள் வேணும் இல்ல.